கடல் காட்டிய குறிப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையிலே கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு, கடலில் மருந்து தேடும் முயற்சியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் புலவரும் அல்லோம், விஞ்ஞானியும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரெயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து, இந்த லக்னோ நகரிலே பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெழுதி வருகின்றோம். இங்கிருந்து எத்திசையில் சென்றாலும் கடலைக் காண 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தல் வேண்டும். அவ்வாறிருக்க, கடலைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் எண்ணலாம். உரிமை இல்லை, ஆனால் ஒரு கடன் உண்டு. அதனை முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

2018ஆம் ஆண்டு ஆடித் திங்களில் எம் இளைய மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பொழுது அவளுக்கு வயது ஒன்பது. இரண்டு நாள்கள் சுக்குக் கஷாயமும் மாத்திரையுமாகக் கழிந்தன. மூன்றாம் நாட்காலையில், தாயிடம் என்றும் தமிழிலேயே பேசும் அப்பெண், அவளை உற்றுப் பார்த்து, இந்தியிலே, "நீங்கள் யார்?" என்று கேட்டாள். எம் இல்லாள் அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டாள். அடுத்த அரைமணி நேரத்தில் குழந்தைக்கு வலிப்பும் கண்டது. பக்கத்து வீட்டார் ஆட்டோ கொணர, மருத்துவமனைக்கு விரைந்தோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் இளவயதினர். எனினும் சிறிதும் தயங்கினாரல்லர். "இது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். எந்தக் கிருமி என்று சோதனை முடிவு வர நாளாகும். அதுவரை காத்திருத்தல் ஆகாது" என்று கூறி, உடனே ஓர் ஊசி மருந்தை நரம்பு வழியே செலுத்தத் தொடங்கினார். அதன் பெயர் அசைக்ளோவிர். எட்டு மணிக்கு ஒரு முறையாக 21 நாள்கள். ஆக 63 வேளை. கணக்கெழுதும் பழக்கத்தால், சட்டைப் பையிலிருந்த ஒரு பழைய பார்சல் சீட்டின் பின்புறத்தில் வேளைக்கு ஒரு கோடாக இட்டு வந்தோம். நான்காம் நாள் சோதனை முடிவு வந்தது. ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ் மூளையைத் தாக்கியிருந்தது. உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் அதே வகைக் கிருமி. ஒன்பதாம் நாள் எம் மகள் கண் விழித்து, "அம்மா, மோர் சாதம்" என்றாள்.

அபாயம் நீங்கியபின் ஒரு மாலையில், "இம்மருந்து எதிலிருந்து செய்யப்படுகின்றது, அம்மா?" என்று மருத்துவரை வினவினோம். அவர் நகைத்து, "ஆலையிலே செய்கிறார்கள். ஆனால் இதன் கதையைத் தொடக்கம் வரை தேடிக்கொண்டு போனால் கடலடியிலுள்ள ஒரு பஞ்சில் போய் நிற்பீர்கள்" என்றார். அன்று முதல், கிடைத்த நூல்களைப் படித்தும், இந்நகரத்து ஆராய்ச்சியாளர் சிலரைக் கேட்டும் யாம் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலில், வைரசுக்கு மருந்து காண்பது ஏன் அரிது என்பதைப் பார்ப்போம். பாக்டீரியா என்னும் நுண்கிருமி தனக்கென உடலும் சுவரும் உடையது. பெனிசிலின் அச்சுவரை இடிக்கின்றது. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் நமக்குத் தீங்கில்லை. வைரசோ, தனக்கென ஒரு தொழிற்சாலையும் இல்லாதது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, நம் கருவிகளைக் கொண்டே தன் படிகளைப் பெருக்கிக்கொள்வது. எங்கள் பணிமனையிலே ஒருவன் இரவில் புகுந்து, எங்கள் ஆள்களையும் பொறிகளையும் கொண்டே தனக்கு வண்டி கட்டிக்கொள்வதை ஒக்கும் இது. அவனைத் தடுக்கப் பணிமனைக்குத் தீ வைத்தால் நம் வேலையும் நின்றுபோம். திருடன் கட்டும் வண்டி மட்டும் நிற்கவேண்டும். நம் வண்டி ஓடவேண்டும். இதற்கு வழி யாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் திகைத்து நின்றது.

வழிக்குரிய முதற்குறிப்புகளுள் ஒன்று கடலிலிருந்து வந்தது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடாக் கரையோரத்து ஆழமில்லாக் கடலில் ஒருவகைக் கடற்பஞ்சு திரட்டப்பட்டது. கடற்பஞ்சு என்பது செடியன்று, விலங்கினத்தைச் சேர்ந்தது. காலில்லை, கண்ணில்லை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, நாள் முழுதும் கடல்நீரை உறிஞ்சி வடித்து, அதிலுள்ள நுண்ணுணவை உண்டு வாழ்வது. ஓடவும் ஒளியவும் இயலாத அவ்வுயிர் தன்னைக் காத்துக்கொள்ளப் பலவகை இரசாயனப் பொருள்களைத் தன்னுள் கொண்டிருக்கின்றது. சிலவகைப் பஞ்சுகளின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட எடை அவற்றுள் குடியிருக்கும் நுண்ணுயிர்களுடையதே என்பர். ஆகலின், அப்பொருள்களுள் பலவற்றை ஆக்குவது பஞ்சா, அதன் குடியிருப்பாளரா என்பதும் ஆராயப்பட்டு வருகின்றது.

யேல் பல்கலைக்கழகத்து வெர்னர் பெர்க்மன் என்னும் வேதியியலறிஞர் அப்பஞ்சினை ஆராய்ந்து, 1950, 1951ஆம் ஆண்டுகளில் புதுமையான சில பொருள்களை வெளியிட்டார். நம் மரபணுவாகிய டி.என்.ஏ. என்பது நெடியதொரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காரப்பொருளும் ஒரு சர்க்கரையும் உண்டு. உயிர்கள் எல்லாவற்றிலும் அச்சர்க்கரை ரைபோஸ் என்பதோ அதன் நெருங்கிய உறவோ ஆகும் என்றே அதுவரை எண்ணியிருந்தனர். பெர்க்மன் கண்ட பொருள்களிலோ அராபினோஸ் என்னும் வேறொரு சர்க்கரை இருந்தது. இரண்டுக்கும் வேற்றுமை மிகச் சிறிது. சர்க்கரை வளையத்தில் ஒரு கிளை கீழ்நோக்குவதற்கு மாறாக மேல்நோக்கும், அவ்வளவே.

அச்சிறு மாற்றம் பெரிய எண்ணத்தை விளைத்தது. சர்க்கரையை மாற்றி அமைத்த போலிக் கண்ணி ஒன்றைக் கொடுத்தால், பிழையறியாத சங்கிலி அதனை ஏற்றுக்கொண்டு சிக்குண்டு நிற்குமன்றோ? இவ்வழியே சென்ற வேதியியலறிஞர் பஞ்சினை நாடாமல், ஆய்வுக்கூடத்திலேயே அராபினோஸ் கொண்ட பொருள்களை ஆக்கினர். 1959இல் ஆக்கப்பட்ட ஒன்று சைட்டராபின் என்னும் பெயரில் 1969இல் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. இன்றும் அது பயன்படுகின்றது. 1960இல் ஆக்கப்பட்ட மற்றொன்று வைடராபின். இதுவும் புற்றுநோய்க்கெனவே ஆக்கப்பட்டது. ஆனால் 1964இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இருவர் இது வைரசுகளை அடக்குவதைக் கண்டனர். 1976இல் அமெரிக்க அரசு இதனை மருந்தாக ஒப்புக்கொண்டது.

ஹெர்ப்பீஸ் மூளைக் காய்ச்சலுக்கு முன்னர் மருந்தே இல்லை. 1977இல் வெளிவந்த ஒரு சிறு சோதனையின் முடிவு, மருந்து பெறாதாருள் 100க்கு 70 பேர் மாண்டனர் என்றும், வைடராபின் பெற்றாருள் 100க்கு 28 பேரே மாண்டனர் என்றும் காட்டியது. இந்த எழுபது என்னும் எண்ணைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எம் மகள் ஐம்பதாண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் அந்த எழுபதில் ஒருத்தியாகியிருப்பாள் அன்றோ?

வைடராபினுக்கும் குறைகள் இருந்தன. அது நீரில் எளிதிற் கரையாது. உடலில் விரைவில் சிதைந்துவிடும். நல்ல உயிரணுக்களையும் ஓரளவு தாக்கும். இந்நிலையில் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார் கதைக்குள் வருகின்றார். இவர் 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். முறையாகப் படித்து டாக்டர் பட்டம் பெறாதவர். மருந்துக் கம்பெனி ஒன்றில் பல்லாண்டு உழைத்தவர். 1940களிலேயே இவர் தொட்டு, நஞ்சு மிகுதியாயிருந்தமையால் கைவிட்ட ஒரு பொருள் இருந்தது. வைடராபின் வைரசை அடக்குகின்றது என்னும் செய்தியை 1968இல் கண்டபோது, தம் பழைய பொருளை அராபினோசுடன் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று எண்ணினார். அங்குத் தொடங்கிய பணி, உடனுழைத்த ஹோவர்டு ஷேஃபர் முதலியோர் முயற்சியால், சர்க்கரை வளையத்தையே அறுத்து நீக்கிய அசைக்ளோவிரில் முடிந்தது. 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. 1988இல் எலியன் அம்மையார் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

அசைக்ளோவிர் வேலை செய்யும் முறையை எங்கள் தொழிலைக் கொண்டே விளக்கலாம். சரக்கு வண்டியின் ஒவ்வொரு பெட்டிக்கும் இருபுறமும் கொக்கி உண்டு. அசைக்ளோவிர் ஒருபுறம் மட்டுமே கொக்கியுள்ள பெட்டி. வைரசின் வண்டியில் அதனைக் கோத்துவிட்டால், அதற்குப் பின் வேறு பெட்டியைக் கோக்க இயலாது. வண்டி அங்கேயே முடிந்துபோம். ஆயின் அது நம் வண்டியிலும் புகுந்து கெடுக்காதோ எனின், அங்கேதான் இதன் சிறப்பு. முத்திரை குத்தாத பார்சலை எந்த வண்டியிலும் ஏற்றமாட்டோம். இம்மருந்துக்கு முதல் முத்திரையைக் குத்துவது ஹெர்ப்பீஸ் வைரஸ் தன்னுடன் கொண்டுவரும் ஒரு நொதியே. நல்ல உயிரணுவில் அந்நொதி இல்லாமையால், மருந்து பெரும்பாலும் முத்திரை பெறாமல் மூலையிற் கிடந்து வெளியேறிவிடும். திருடன் தன் கையாலேயே தனக்கு விலங்கு பூட்டிக்கொள்கின்றான். 1984இல் சுவீடனிலும் 1986இல் அமெரிக்காவிலும் இவ்விரு மருந்துகளையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். வைடராபின் பெற்றாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். அசைக்ளோவிர் பெற்றாருள் மாண்டவர் அதில் ஏறக்குறையப் பாதி, அல்லது அதற்கும் குறைவு.

பெரியோர்களே! இக்கதையில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். எம் மகளின் உடலிற் சென்ற மருந்தில் கடலின் ஒரு துளியும் இல்லை. பஞ்சிலிருந்த பொருளையே எடுத்து யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. கடல் தந்தது ஒரு குறிப்பு மட்டுமே: "சர்க்கரையை மாற்றிப் பாருங்கள்" என்பது அக்குறிப்பு. அதனைப் படித்தறிந்து, பிழை திருத்தி, மருந்தாக்கி, மெய்ப்பித்து மனிதருக்கு அளிக்க ஏறத்தாழ 37 ஆண்டுகளும் பல நாட்டாரின் உழைப்பும் தேவைப்பட்டன. பாற்கடலைக் கடைந்தபோது அமுதம் முதலிலேயே எழவில்லை; நஞ்சும் எழுந்தது, பொறுமையும் வேண்டியிருந்தது என்று நம் முன்னோர் கதை சொன்னது நினைவுக்கு வருகின்றது.

இத்தேடல் இன்றும் தொடர்கின்றது. மூன்று செய்திகளைக் கூறுவோம்.

ஒன்று: நியூசிலாந்துக் கடலில் கிடைத்த ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து கிரிஃபித்சின் என்னும் புரதத்தை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்து 2005இல் வெளியிட்டனர். எய்ட்ஸ் நோயின் வைரஸ் தன் மேற்புறத்தில் சர்க்கரைப் போர்வை ஒன்றைப் போர்த்துள்ளது. இப்புரதம் அப்போர்வையைப் பற்றிக்கொண்டு, வைரசை உயிரணுவுக்குள் நுழையவொட்டாமல் தடுக்கின்றது. 2009இல், புகையிலையின் உறவான ஒரு செடியில் இப்புரதத்தை விளைவிக்கும் வழியையும் கண்டனர். புகையிலையைத் தாக்கும் வைரசையே தூதாக்கி அச்செடியை இப்புரதம் ஆக்கச் செய்தனர் என்பது வியப்பூட்டுவது. எனினும் இது இன்னும் மருந்துக் கடைக்கு வந்திலது.

இரண்டு: மத்தியதரைக் கடலில் இபிசாத் தீவின் அருகே, பாறையில் ஒட்டி வாழ்ந்து நீரை உறிஞ்சிப் பீச்சும் பை போன்ற ஒரு சிற்றுயிர் உண்டு. அதிலிருந்து பெற்ற பிளிட்டிடெப்சின் என்பது 2018இல் ஆஸ்திரேலியாவில் ஒருவகைப் புற்றுநோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. 2021இல், கொரோனா வைரசினை ஆய்வுக்கூடத்தில் இது மிக வலிமையாக அடக்குவதாகச் செய்தி வந்தது. வைரசைத் தாக்காமல், வைரஸ் இரவல் வாங்கும் நம் உயிரணுவின் புரதம் ஒன்றைத் தாக்குவது இதன் வழி. ஆனால் நோயாளிகளிடம் நிகழ்ந்த பெருஞ்சோதனை, மருத்துவமனைக்கு வருவோர் தொகை குறைந்தமையால் முடிவுபெறு முன்னரே நிறுத்தப்பட்டது.

மூன்று: செம்பாசிகளிலிருந்து எடுக்கும் கராகீனன் என்னும் கூழ்ப்பொருள் ஆய்வுக்கூடத்தில் பல வைரசுகளைத் தடுத்தது. தென்னாப்பிரிக்காவில் 6,000க்கு மேற்பட்ட பெண்களிடம், எய்ட்ஸ் தொற்றைத் தடுக்குமா என்று அதனைச் சோதித்தனர். தீங்கில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை என்று 2008இல் முடிவு வெளியாயிற்று. தோல்வியை மறைக்காமல் வெளியிட்ட அவர்களையும் யாம் போற்றுகின்றோம். நட்டக் கணக்கையும் எழுதுவதுதான் ஒழுங்கான பேரேடு.

இத்தேடலில் இன்னொரு பெருந்தடை அளவு. கடலுயிரில் வேண்டிய பொருள் அணுவளவே இருக்கும். புற்றுநோய் மருந்து ஒன்றுக்காக நியூசிலாந்தில் 1,000 கிலோ கடற்பஞ்சைத் திரட்டிப் பிழிந்தபோது கிடைத்தது 300 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கு ஒரு வண்டிப் பஞ்சு! இவ்வாறு அள்ளிக்கொண்டே போனால் மருந்து கிடைக்குமுன் பஞ்சினம் அழிந்துபோம். ஆகலின் சிறிதளவே எடுத்து, அதன் அமைப்பை அறிந்து, ஆய்வுக்கூடத்தில் ஆக்குவதே தக்க நெறி. அன்றைய அறிஞர் அராபினோஸ் பொருள்களில் கைக்கொண்டதும் இதுவே.

இனி, நாம் வாழும் இந்நகருக்கு வருவோம். கடலில்லாத இந்த லக்னோவுக்கும் கடல் மருந்துக்கும் உறவு உண்டென்று சொன்னால் உங்களுட் சிலர் வியப்பீர்கள். இங்குள்ள மத்திய மருந்தாராய்ச்சி நிலையம் 1951இல் கோமதி ஆற்றங்கரைச் சத்தர் மன்சில் அரண்மனையில் நேரு அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. இப்பொழுது நகரின் புறத்தே புதிய வளாகத்தில் இயங்குகின்றது. 1990களில் மத்திய அரசின் கடல் வளர்ச்சித் துறை நடத்திய கடல் மருந்துத் திட்டத்தில் இந்நிலையமே ஒருங்கிணைக்கும் இடமாய் இருந்தது. நம் நாட்டுக் கடற்கரைகளில் திரட்டிய பாசிகளும் பஞ்சுகளும் கடலைக் காணாத இவ்வூரை நோக்கி வந்தன என்பதை அறிந்தபோது, பார்சல் எழுத்தராகிய எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாயிற்று.

நம் தாயகத்துக் கடலிலும் இச்செல்வம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986இல் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. ஆயினும் 2010இலும் 2016இலும் கடல்நீர் வெம்மையுற்று அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. பழஞ்சுவடிகளை இன்னதென்று அறியாமல் ஆற்றிலும் அடுப்பிலும் இட்ட நம் பாட்டன்மாரை நாம் குறை கூறுகின்றோம். ஓர் உயிரினத்தை அதனுள் என்ன எழுதியிருக்கின்றது என்று பாராமலே அழியவிட்டால், நம் பேரர் நம்மையும் அவ்வாறே கூறுவர். அக்கடலின் பயன் அதனைக் காத்து வாழும் மீனவருக்கும் பாசி எடுக்கும் பெண்டிருக்கும் சேரவேண்டும் என்பதும் மறத்தற்குரியதன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இப்பங்கீட்டுக்கு இடம் வகுத்துள்ளது. அது ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

முடிவாக மூன்று வேண்டுகோள். சந்தையில் "கடற்பாசிச் சூரணம், எல்லா வைரசும் ஒழியும்" என்று விற்பாரைக் கண்டால் ஏமாறாதீர்கள். மேற்சொன்ன சோதனைகளைக் கடவாத எதுவும் மருந்தாகாது. இரண்டாவது, காய்ச்சலோடு பேச்சுக் குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமற் போனாலோ, வலிப்புக் கண்டாலோ, கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டிலிராமல் அந்நொடியே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இம்மருந்து எவ்வளவு முன்னதாகச் செல்கின்றதோ அவ்வளவு மூளை பிழைக்கும். எம் மகள் இன்று நன்கு படிக்கின்றாள். எனினும் பெயர்கள் அவளுக்கு எளிதில் நினைவில் நிற்பதில்லை. கடைக்குச் செல்லும்போதும் சீட்டெழுதிக்கொண்டே செல்கின்றாள். யாம் இழந்த அந்த இரண்டு நாள்களை எண்ணி இன்றும் வருந்துகின்றோம்.

மூன்றாவது வேண்டுகோள் இளைஞர்களுக்கு. இங்கு வந்து குடியேறிய நம் பிள்ளைகள் பலரும் வங்கித் தேர்வையும் கணிப்பொறித் தொழிலையுமே நாடுகின்றனர், அதில் தவறில்லை. ஆயினும் உங்களுள் ஒருவரேனும் வேதியியலையோ கடலியலையோ எடுத்துப் படித்து, கடல் சொல்லிக்கொண்டிருக்கும் அடுத்த குறிப்பைக் கேட்கவேண்டும் என்பது எம் ஆசை. அதனால் பிழைக்கப்போகும் குழந்தை எந்த ஊரில், எந்த மொழி பேசும் வீட்டில் இருக்கின்றதோ நாம் அறியோம். முகமறியாத ஃபுளோரிடாக் கடலிலிருந்து வந்த குறிப்பினால் எம் வீட்டுப் பெண் பிழைத்தாள். அக்கடனை யாம் ஒருவரே தீர்க்க இயலாது. உங்களிடமும் ஒரு பங்கை ஒப்படைத்து அமைகின்றோம்.